குழாய் மாட்டும் நேரம்

குளோரின் லாரி பகலில் வர வேண்டும், பகலில் இறங்க வேண்டும். காவிரிக் கரையில் நான் வேலை பார்த்த குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் மீறியதும் இல்லை. பொழுது சாய்ந்தபின் கேட்டில் லாரி வந்து நின்றால், டிரைவருக்கும் கிளீனருக்கும் சாப்பாடு சொல்லிவிட்டு, வண்டியை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் ஓரங்கட்டச் சொல்வோம். இறக்குவது விடிந்த பிறகுதான். மேலே இருந்து போன் வந்தாலும் எங்கள் மூத்த ஆபரேட்டர் அசையமாட்டார். "ராத்திரியில எறக்குனா வால்வு எது பிளக்கு எதுன்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும் சார். அந்த டார்ச்சப் பிடிக்கிறவன் யாரு? நேத்து வேலைக்கு வந்த பையன்" என்பார்.

பணியில் இருந்தவரை நான் கெமிஸ்ட். ஜார் டெஸ்ட் பார்த்து, கலங்கலைத் தெளியவைக்கும் படிகாரத்தின் அளவைச் சொல்வது, தண்ணீரில் எஞ்சிய குளோரினைச் சோதிப்பது என் வேலை. ரசாயனத்தைக் கையால் தொடுகிறவர்கள் வேறு ஆட்கள்: ஆபரேட்டர், ஹெல்பர், லோடுமேன், லாரி டிரைவர். அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொட்டியிலோ சிலிண்டரிலோ அடைந்து கிடக்கும்வரை ரசாயனம் தன் பாட்டுக்கு இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்காகக் குழாயை மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர், எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அழைக்கப்படாதவர்.

டன்னர் என்று நாங்கள் சொல்வது 900 கிலோ திரவ குளோரின் அடைத்த இரும்பு உருளை. மேட்டூரிலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும், கேரளத்தின் ஏலூரிலும் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். கூடவே பிரியும் குளோரினை அழுத்திக் குளிர்வித்துத் திரவமாக்கி டன்னரில் அடைக்கிறார்கள். வெளிக்காற்றில் அது மைனஸ் 34 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே நம்மூர் வெயிலில் டன்னருக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல எட்டொன்பது மடங்கு அழுத்தம் எப்போதும் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியேறினால் 460 லிட்டர் அளவுக்கு வாயுவாக விரியும். அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். குளோரின் அறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறியைத் தரையை ஒட்டி வைப்பது இதனால்தான். கூரைக்குப் பக்கத்தில் விசிறி மாட்டிய அறைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கட்டியவருக்குச் சமையலறைதான் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

டன்னரின் ஒரு முனையில் இரண்டு வால்வுகள் இருக்கும். உருளையைப் படுக்கையாக வைத்து, அந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வரும்வரை உருட்ட வேண்டும். அப்படி வைத்தால் மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். தண்ணீரில் கலக்க எங்களுக்கு வேண்டியது வாயு. சரியாக உருட்டாமல் மாட்டினால், வாயுவைத் தண்ணீரில் கலக்கும் குளோரினேட்டருக்குள் திரவம் புகுந்து கருவியைக் கெடுக்கும். இரு முனைகளிலும் மும்மூன்று உருகும் பிளக்குகள் உண்டு. சூடு 70 டிகிரியைத் தாண்டியதும் அவை உருகி வழிவிடும். தீப்பிடித்தால் உருளை வெடித்துச் சிதறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

மார்கழியில் இந்தப் பிளக்குகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு டன்னரிலிருந்து மணிக்கு ஏறத்தாழ எட்டு கிலோ வாயுவைத்தான் தொடர்ந்து எடுக்க முடியும். அதற்கு மேல் இழுத்தால், திரவம் வாயுவாக மாறத் தேவையான வெப்பம் வெளியிலிருந்து போதிய வேகத்தில் வந்து சேராது. டன்னர் குளிர்ந்துபோகும், அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைபனி படியும், அழுத்தம் இறங்கும், வாயு வராது. குளோரின் அளவு குறைகிறதே என்ற பதற்றத்தில் வெந்நீர் வைத்து ஊற்றலாமா என்று கேட்காத ஹெல்பரே இல்லை. கேட்டவன் நல்லவன். கேட்காமல் ஊற்றுகிறவனைப் பற்றித்தான் கவலை, ஏனென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் 70 டிகிரியைவிடச் சூடு. இதற்கு ஒரே வழி இரண்டு டன்னரைச் சேர்த்து மாட்டி, பாரத்தைப் பகிர்ந்துவிடுவது. தீயும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். டன்னரில் ஏறிய குளிரை அறைக்காற்றே மெதுவாகப் போக்கிவிடும்.

டன்னர் மாற்றும் வேலையை எங்கள் மூத்த ஆபரேட்டர் செய்வதைப் பார்த்தால் அவசரமே தெரியாது. தீர்ந்த டன்னரின் வால்வை முதலில் மூடுவார். செம்புக் குழாயில் மிச்சமிருக்கும் வாயுவைக் கருவி இழுத்துக்கொள்ளும்வரை காத்திருப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இணைப்பைக் கொஞ்சமாகத் தளர்த்துவார். நெடி இல்லை என்று தெரிந்த பிறகே முழுதும் கழற்றுவார். கழற்றிய குழாயின் வாயை அந்தக் கணமே மூடிவிடுவார். உலர்ந்த குளோரின் இரும்பை ஒன்றும் செய்யாது. காற்றிலுள்ள ஈரம் சேர்ந்தால் அது அமிலமாகி இரும்பை அரிக்கத் தொடங்கும். பழைய ஈய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதை வைப்பார். ஈயம் ஒருமுறை நசுங்கினால் அடுத்த முறை சரியாகப் பொருந்தாது. வால்வைத் திறக்க அதற்கென்றுள்ள சிறிய ஸ்பேனர் மட்டும்தான். இறுகியிருந்தாலும் ஸ்பேனரில் பைப்பைச் செருகி நெம்பமாட்டார். முதலில் லேசாகத் திறந்து உடனே மூடுவார். பிறகு அமோனியாக் கரைசல் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை இணைப்பின் அருகே கொண்டுபோய், திரவம் தெறிக்காமல் ஆவி மட்டும் வரும்படி அமுக்குவார். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும். குளோரினும் அமோனியாவும் கூடினால் நவச்சாரம். அந்தப் புகை அதன் தூள்தான். புகை இல்லையென்றால் வால்வை ஒரே ஒரு சுற்று திறப்பார். வேண்டிய வாயு வர அது போதும். பதறி மூட வேண்டிய நேரத்தில் மூடுவதும் சுலபம்.

இவ்வளவையும் அவர் யாரிடமும் வகுப்பில் படிக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரின் பக்கத்தில் நின்று கற்றார். பிறகு ஆட்கள் ஓய்வுபெற, அந்த இடங்களில் கான்ட்ராக்ட் ஹெல்பர்கள் வந்தார்கள். கான்ட்ராக்ட் மாறினால் ஆளும் மாறுவான். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள அவனுக்கு அவகாசம் இல்லை.

ஓர் ஆடி மாத இரவு. ஆற்றில் புதுவெள்ளம், தண்ணீர் செங்காவியாக வருகிறது. கலங்கல் ஏறினால் படிகாரம் ஏறும், குளோரினும் ஏறும். டன்னர் மாற்றுவதும் அடிக்கடி வரும். களைத்துப்போன ஆட்கள் அபாயமான வேலையை அதிகமாகச் செய்யும் காலம் அது. அன்று டன்னரை மாற்றியவன் வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன பையன். ஸ்டோரில் புது கேஸ்கெட் இல்லை. போட்ட இன்டென்ட் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. பழையதையே துடைத்து வைத்து இறுக்கிவிட்டான். வால்வைத் திறந்ததும் சீறல். நெடி ஷிப்ட் ரூம்வரை வந்தது.

காவலாளி தோட்டத்து ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினார். நெருப்பானாலும் நெடியானாலும் தண்ணீர் ஊற்றுவது மனிதனின் முதல் எண்ணம். குளோரின் கசிவில் அது பெருந்தவறு. ஈரம் பட்ட இடம் அரித்து, ஊசித்துளை விரல் நுழையும் துளையாகிவிடும். தண்ணீர் கொண்டுவரும் வெப்பமும் உள்ளே கொதிப்பைக் கூட்டும். மூத்த ஆபரேட்டர் போட்ட சத்தத்தில் காவலாளி ஹோஸைக் கீழே போட்டார். முகமூடி, குளோரின் அறைக்கு வெளியே, கதவுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியதால் கைக்கு எட்டியது. மூச்சுக்காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போய், டன்னர் வால்வை மூடிவிட்டு வந்தார். ஒரு சுற்றுதான் திறந்திருந்தது. மூடுவதும் ஒரு சுற்றோடு முடிந்தது.

பையன் வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். "ஒண்ணும் இல்ல சார், தொண்டை லேசா எரியுது. வீட்டுக்குப் போயிட்டு காலைல வர்றேன்" என்றான். அனுப்பவில்லை. குளோரின் சுவாசித்தவரின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகவே தெரிவான். நடக்கவிடாமல், உட்கார்ந்த நிலையிலேயே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விடிகாலையில் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆக்ஸிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த மூச்சுத்திணறல் ஒரு கிராமத்தின் விடிகாலை இருட்டில் வந்திருக்கும்.

விசாரணை அறிக்கையில் 'ஹெல்பரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். டீக்காசு பெறாத ஈய வளையம் ஸ்டோரில் ஏன் இல்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தப் பையனுக்கு முன் இருந்த வழிகள் இரண்டு: பழைய கேஸ்கெட்டை வைப்பது, அல்லது வெள்ளக் காலத்தில் குளோரின் இல்லாத தண்ணீரை ஊர்களுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் திட்டு வாங்குவது. 'மாட்டமாட்டேன்' என்று சொல்லும் அதிகாரத்தை யாரும் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை.

இது நம்மூர் ஏழ்மையால் வருவது என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நடந்ததைச் சொல்வேன். கேமல்ஃபோர்டு ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் தண்ணீர் கொடுத்த லோயர்மூர் நிலையத்துக்கு 1988 ஜூலை 6 அன்று படிகாரக் கரைசல் டேங்கர் வந்தது. வழக்கமான டிரைவர் இல்லை, மாற்று டிரைவர். நிலையத்தில் வரவேற்க ஆள் இல்லை. அவரிடம் இருந்த சாவி பல பூட்டுகளுக்குப் பொருந்தும் சாவி. தொட்டி எது என்று வாய்வார்த்தையாகச் சொன்ன அடையாளத்தை வைத்து மூடியைத் திறந்து 20 டன்னையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது படிகாரத் தொட்டியே இல்லை. சுத்திகரித்து முடிந்த தண்ணீர் ஊருக்குப் புறப்படும் முன் நிற்கும் தொட்டி. சுமார் 20,000 பேர் வீட்டுக்கு அமிலத் தண்ணீர் போயிற்று. வீட்டுக் குழாய்களின் செம்பையும் ஈயத்தையும் அது கரைத்துக்கொண்டு வந்தது. என்ன கலந்தது என்று மக்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் சொல்லவில்லை. அந்த டிரைவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. இருட்டில் விடப்பட்டவர் அவர்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஆச்சிசன் என்ற ஊரில் 2016 அக்டோபர் 21 அன்று நடந்ததும் இதே கதைதான். அது குடிநீர் நிலையம் இல்லை, தொழிற்சாலை. ஆனால் ரசாயனம் நாங்கள் புழங்குவது. கந்தக அமில டேங்கரின் ஹோஸை சோடியம் ஹைப்போகுளோரைட் தொட்டிக்குப் போகும் குழாயில் மாட்டிவிட்டார்கள். பச்சை மஞ்சளாக மேகம் எழுந்து ஊருக்குள் போயிற்று. 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேட வேண்டிவந்தது. பிறகு விசாரித்த அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் காட்டிய குறைகள் எளியவை: இரண்டு குழாய் வாய்களும் அருகருகே இருந்தன, ஒன்றுபோலவே இருந்தன, எது எதற்கு என்ற அடையாளம் சரியாக இல்லை.

நம் நிலையங்களிலும் இந்த ஆபத்து வந்து சேர்ந்துவிட்டது. முன்பு படிகாரம் கல்லாக வரும். சாக்கில் கட்டியாக இறங்கும் படிகாரத்தையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் யாரும் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளமாட்டார்கள். இப்போது பல இடங்களில் படிகாரத்துக்குப் பதில் பேக் என்கிற பாலி அலுமினியம் குளோரைடு திரவமாக டேங்கரில் வருகிறது. குளோரின் வாயுவுக்குப் பதில் ஹைப்போ என்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமும் டேங்கரில் வருகிறது. இரண்டும் வெளிர் மஞ்சள். இரண்டுக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் தொட்டி, ஒரே மாதிரி கப்ளிங். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். தவறிக் கலந்தால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு பொங்கும். டன்னராவது தான் யார் என்று மஞ்சள் பெயின்ட்டில் சொல்லிக்கொண்டு வரும். இது சொல்லாது.

எங்கள் நிலையத்தில் ஒருமுறை காகிதத்தில் ஹைப்போ என்று போட்டு வந்த டேங்கரில் பேக் இருந்தது. இறக்கும் முன் மாதிரி எடுத்து பி.எச். தாளில் தொட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்ததால் தெரிந்தது. ஹைப்போவாக இருந்தால் தாள் தொட்டதும் கருநீலமாகும். ஆனால் அந்த நிறம் நிற்காது, ஹைப்போ அதையும் வெளுத்துவிடும். ஆகவே தொட்ட கணமே பார்க்க வேண்டும். அன்று தாள் சிவந்தது, சிவந்தபடியே நின்றது. டிரைவரிடம் காட்டினேன். கும்பகோணத்துக்காரர், நிறைய வருடம் டேங்கர் ஓட்டியவர். "எனக்கு பில்லத்தான் சார் தர்றாங்க, உள்ள என்னன்னு யாரு சொல்றா" என்றார். அவருக்கு ஒரு சுருள் தாளைக் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாய்களையும் வேறு வேறு அளவு கப்ளிங்காக மாற்றச் செய்தோம். ஒன்றின் ஹோஸ் மற்றதில் ஏறவே ஏறாது. இரண்டு வாய்க்கும் தனித்தனிப் பூட்டு. சாவி ஷிப்ட் கெமிஸ்ட் கையில். தாளைப் பார்க்காமல் சாவி வெளியே வராது. செலவு என்று பார்த்தால் கொஞ்சம்தான். போர்டு எழுதி மாட்டுவதைவிடப் பத்து மடங்கு உதவுவது இது. களைப்பிலும் இருட்டிலும் போர்டைப் படிக்காமல் விடலாம். பொருந்தாத கப்ளிங்கைப் பொருத்த முடியாது.

குளோரின் வாயுவை விட்டு ஹைப்போவுக்கு மாறுவது நல்லது என்றுதான் நான் சொல்வேன், ஊர் நடுவே இருக்கும் நிலையங்களுக்குக் கட்டாயம் நல்லது. 900 கிலோ வாயு ஒரே இடத்தில் இருப்பதைவிட அது மேல். ஆனால் ஹைப்போவை 'வெறும் தண்ணி மாதிரி' என்று சொல்லிக் கொடுப்பது ஏமாற்று. வெயிலில் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். சிதையும்போது ஆக்ஸிஜன் பிரியும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஹைப்போவை அடைத்துவிட்டு வாரக்கணக்கில் விட்டால், அந்த வாயு அழுத்தமேறிக் குழாயையோ பால் வால்வையோ பிளந்துவிடும். கழற்றப் போனவரின் முகத்தில் பீறிட்டு அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

கண் என்றதும் நினைவுக்கு வருவது நிலையத்தில் புழங்கும் சுண்ணாம்பு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுண்ணாம்பின் கொடுமை நம் மக்களுக்குக் காளவாய்க் காலத்திலிருந்தே தெரியும். கண்ணில் விழுந்தால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் இமையை விரித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கழுவி முடித்துத்தான் ஆஸ்பத்திரி. படிகாரத்தில் எரிச்சலைவிட வழுக்கலே பெரிய எதிரி. நான் பார்த்தவரை, கரைசல் தொட்டியின் படியில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவர்கள் குளோரினால் பாதிக்கப்பட்டவர்களைவிட அதிகம். காஸ்டிக் சோடாவைக் கரைக்கும்போது தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சூடேறித் தெறிக்கும்.

காஸ்டிக் எங்களுக்கு வேண்டியிருப்பது கசியும் குளோரினை அடக்க. ஒரு கிலோ குளோரினுக்கு 1.13 கிலோ காஸ்டிக் என்பது கணக்கு. ஆக, ஒரு முழு டன்னரை அடக்க ஒரு டன்னுக்கு மேல் காஸ்டிக் கரைந்த தொட்டி தயாராக நிற்க வேண்டும். நான் பார்த்த இடங்களில் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சி வலுவிழந்து வெறும் சோடா உப்புத் தண்ணீராகிக் கிடக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு மாதிரி எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

'காலி' என்று எழுதிய டன்னரும் காலியில்லை. வெளிக்காற்றோடு அழுத்தம் சமமாகும் அளவுக்காவது வாயு உள்ளே இருக்கும். 2010 ஜூலை 14 அன்று மும்பை சிவ்ரி பக்கம், துறைமுகப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த சிலிண்டர்களில் ஒன்று கசிந்து ஏராளமானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் பேரூராட்சிகளின் பம்ப் ரூம் மூலையில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கும் சிலிண்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும். காயலான் கடைக்காரர் வந்து கேட்கும்வரை அது அங்கேயே நிற்கும். அதை வாங்கி வெட்டப் போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அடைத்துக் கொடுத்த கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டிய பொருள் அது.

இவ்வளவு ஆபத்து என்றால் குளோரினே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் ஏழு பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். கிணற்று நீரில் மாட்டுச்சாணக் கிருமி கலந்திருந்தது. போட வேண்டிய அளவு குளோரினைப் போடவில்லை. போட்டதாகப் பதிவேட்டில் எண் மட்டும் எழுதிவந்தார்கள். குளோரின் நெடி வேண்டாம் என்று ஊராரில் சிலர் கேட்டதற்கு இணங்கியதும் விசாரணையில் வெளிவந்தது. பயந்து ஒதுங்கும் கை அளவைக் குறைக்கும். அளவு குறைந்தால் ஊருக்கு வயிற்றுப்போக்கு வரும். ஆகவே பயமுறுத்திப் பயிற்சி கொடுப்பதை நான் ஏற்பதில்லை. தெரிந்து தொடுகிறவன் வேண்டும்.

லோடுமேன்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கு எடைக்கு இவ்வளவு என்று கூலி. லோடு சீக்கிரம் இறங்கினால் அடுத்த லோடு பிடிக்கலாம். அந்தக் கணக்கில் நிற்பவரிடம் நிதானமாக இருங்கள் என்று சொல்வது பொருளற்றது. ரசாயன லோடுக்கு நாள் கூலி கொடுக்க வேண்டும். கையுறையும் பூட்ஸும் கண்ணாடியும் நிலையத்தின் பொருளாக, அவர்கள் அளவுக்கு, கேட்டிலேயே இருக்க வேண்டும். கசிவு நெடி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கொடிக்கம்பத்துக் காற்றுப்பையைக் காட்டி, இறக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்: காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கம், மேட்டைப் பார்த்து. எங்களிடம் வந்த லோடுமேன் ஒருவர் தன் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். தப்பி ஓடும் சில நிமிடத்துக்கு ஈரத்துணி உதவும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவ்வளவு அறிவு அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ஓய்வுக்குப் பிறகு நான் அதிகமாகப் பேசுவது ஊராட்சிகளின் டேங்க் ஆபரேட்டர்களிடம். பெரிய நிலையங்களுக்கு விதிகளும் கருவிகளும் ஓரளவு வந்துவிட்டன; இவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிகூடக் கணக்கில் வருவதில்லை. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 60 கிராம். பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 180 கிராம் பவுடர். மூட்டை பழையதானால் இன்னும் கூட. அதைக் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் குழைத்து, வாளி நிறையக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் வெறுங்கையால் அள்ளி, ஏணியில் ஏறி, மேன்ஹோல் வழியாகத் தூளாகவே கொட்டுகிறார்கள். காற்றடித்தால் முகத்தில்தான் அடிக்கும். நிற்பதோ உயரமான ஏணியில். தூளைக் கீழேயே கரைக்கச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். இதுவரை ஏன் அப்படிச் செய்யவில்லை என்றால், கீழே கரைக்க இரண்டாவது வாளி இல்லை.

கரூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்தார். கணவர் பார்த்த வேலையை அவருக்குப் பின் பார்த்துவருகிறவர். "பவுடர் மூட்டைய எங்க வீட்டுத் திண்ணையிலதான் போட்டிருக்கேன் சாமி. பக்கத்துலயே மண்ணெண்ணெய்க் கேனும் இருக்கு. பேரப்புள்ளைங்க அங்கதான் வெளையாடுதுங்க. வேற எடம் ஏது?" என்றார். பிளீச்சிங் பவுடரும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்று அப்போதுதான் நான் சொல்லி முடித்திருந்தேன். அன்று மாலையே ஊராட்சித் தலைவரோடு அவர் வீட்டுக்குப் போனோம். மூட்டை முதலில் பம்ப் ரூமுக்குப் போயிற்று. அங்கே மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கிறது, அதன் செம்பை நெடி அரிக்கும் என்பதால் அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் டேங்க்குக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் காற்று போகும்படி ஹாலோ பிளாக்கில் சிறிய அறை எழுப்பி, தரையில் பலகை போட்டு, பூட்டும் போட்டுக் கொடுத்தார்கள். சாவியும் இரண்டு வாளியும் கண்ணாடியும் முழங்கை வரை வரும் கையுறையும் அந்த அம்மாவிடம் இருக்கின்றன. அந்த ஒன்றியத்தின் மற்ற ஊராட்சிகளுக்கும் அதே அறையின் அளவை வரைந்து கொடுத்திருக்கிறேன். நிதியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். கையுறை மட்டும் அளவு பெரிதாக இருக்கிறதாம். பெண்கள் கைக்குச் சிறிய அளவு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போகும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.